டெபியன் 12 லினக்ஸுக்கு மாறியபின் இரண்டாவது டிஸ்க் ஏறவில்லை, உதவுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை டெபியன் 11-இலிருந்து 12-க்கு ஏற்றினேன். அதிலிருந்து ஆன் செய்தால் இரண்டாவது டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, கருப்புத் திரையில் ரூட் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடுகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த பத்திரங்களையும் அம்மாவின் கல்யாணப் படங்களையும் மொட்டைமாடியில் காயவைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அந்த இரண்டாவது டிஸ்க்கில்தான் வைத்திருக்கிறேன். வேறு நகல் இல்லை.

லைவ் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை ஆன் செய்து, அந்த டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல் (கணினியோடு இணைக்காமல்), எதையும் திருத்தாத வகையில் எஃப்எஸ்சிகே (fsck) என்ற கோப்பு அமைப்புச் சோதனையை ஓட்டினேன். ஐந்து கட்டமும் பிழையில்லை. சரி, கோப்பு அமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம், ஆன் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பைப் பார்த்தால் எஸ்டிபி1 (sdb1) என்ற பழைய பெயர். இப்போது அதே டிஸ்க் எஸ்டிசி1 (sdc1) என்று தெரிகிறது. அந்தப் பெயருக்குப் பதில் யூயூஐடி (UUID, மாறாத அடையாள எண்) போட்டால் போதுமா, ஆன் ஆகும் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (initramfs) புதுப்பிக்க வேண்டுமா? எஃப்எஸ்டேப்பில் அந்த டிஸ்க்கின் வரியிலுள்ள கடைசி எண் 2-ஐ 0 ஆக்கி, ஆன் ஆகும்போது நடக்கும் சோதனையையே நிறுத்திவிட எனக்கு மனமில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.