ஞாயிறு காதுகுத்து, கார்த்தியின் டயர்

குழு: ராசிபுரம் வீடு
சனிக்கிழமை

அப்பா (6:40): [படம்] இனிய காலை வணக்கம்

சுதா அக்கா (8:51): கார்த்தி, எங்கே வந்துகொண்டிருக்கிறாய்? மொட்டை போடுகிறவர் முன்பணம் கேட்கிறார். தோடு உன்னிடம்தானே இருக்கிறது?

சரோஜா அத்தை (8:53): கிடா விருந்தா, சைவமா? அதை யாருமே சொல்லவில்லை.

பிரபு மச்சான் (8:54): கொல்லிமலையில் சைவம். கிடா பிறகு ஊரில்.

சரோஜா அத்தை (8:54): பிறகு என்றால் எப்போது?

கார்த்தி (9:02): அக்கா, தருமபுரிக்கு முன்னால் நிற்கிறேன். தேநீர் குடிக்க இறங்கியபோது பார்த்தேன், முன்பக்க இடது டயர் பக்கவாட்டில் புடைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது, அங்கேதான் ஆகியிருக்க வேண்டும். [படம்]

அம்மா (9:02): உனக்கு ஒன்றும் இல்லையே?

கார்த்தி (9:03): இல்லை அம்மா. காற்றுகூட இறங்கவில்லை.

பிரபு மச்சான் (9:04): காற்று இருக்கிறது என்றால் மெதுவாக ஓட்டி வந்துவிடலாமே மாப்பிள்ளை.

பெரியப்பா (9:04): யாரும் அவனை ஓட்டச் சொல்லாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா (9:05): அண்ணன் எழுதி முடிப்பதற்குள் முகூர்த்தம் வந்துவிடும்.

பெரியப்பா (9:11): கண்ணு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோழி முட்டையைப் பாதியாக அறுத்து ஒட்டியது போல இருக்கிறது. அங்கே வீங்கியது ரப்பர் இல்லை, உள்ளே நூல் அறுந்திருக்கிறது. கார் ரேடியல் டயரின் பக்கச் சுவரில் பெரும்பாலும் ஒரு பிளை, அதாவது நூல் அடுக்கு, அல்லது இரண்டு பிளைதான் இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது, அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கி நூல் அறுந்துவிடுகிறது. உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் லைனர் கிழியாததால் காற்று இறங்காது. நூல் இல்லாத இடத்தில் வெறும் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கி நிற்கிறது. இன்றைக்குத் தாங்கலாம். அடுத்த வேகத்தடையில் வெடிக்கலாம். இதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது, வல்கனைசிங் செய்யவும் முடியாது. பட்டறையில் இப்படி ஒரு கேசிங், அதாவது தேய்ந்த டயரின் உடல், வந்தால் ரீட்ரெட் செய்யமாட்டோம், புது மேல் ரப்பர் ஒட்டமாட்டோம் என்று அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம்.

சரோஜா அத்தை (9:12): எந்தப் பட்டறை? விற்ற பட்டறையா?

சித்தப்பா (9:12): விற்றதில் பங்கு வாங்கியவர்கள் கேட்கலாம். நான் வாங்கவில்லை.

அம்மா (9:13): இன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

சுதா அக்கா (9:14): வளைகாப்புக்கும் இதே கார், இதே டயர், இதே கதை. அன்றைக்கு நீ வந்தபோது பந்தி முடிந்திருந்தது. நாளைக்கு 7:30க்குப் பையனை உன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் நீ ஒருவன்தான்.

கார்த்தி (9:15): தெரியும் அக்கா. நடந்தாவது வந்துவிடுவேன்.

அப்பா (9:15): சாப்பிட்டாயா?

பெரியப்பா (9:16): ஸ்டெப்னி எந்த அளவு?

கார்த்தி (9:17): ஒல்லியான ஸ்டெப்னி பெரியப்பா. 80க்கு மேல் போகாதே என்று மஞ்சள் ஒட்டி இருக்கிறது.

பெரியப்பா (9:22): அப்படியென்றால் அதை முன்னால் போடாதே. உன் கார் முன்சக்கரத்தில் இழுக்கும் கார். திருப்புவதும் இழுப்பதும் பிரேக்கில் பெரும்பங்கும் முன்சக்கரத்தில்தான். ஒல்லி டயரை அங்கே போட்டால் மூன்று வேலைக்கும் பத்தாது. முதலில் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டு. கழற்றிய நல்ல டயரை முன்பக்க இடதுக்குக் கொண்டுவா. இரண்டு முறை ஜாக்கி வைக்க வேண்டும், பரவாயில்லை. டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் பார்த்துக்கொள். இடப்பக்கச் சக்கரம் இடப்பக்கத்திலேயே இருப்பதால் சிக்கல் வராது. போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கு. ஸ்டெப்னியில் காற்று எவ்வளவு என்று பார்க்காமல் மாட்டாதே. ஒல்லி ஸ்டெப்னிக்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும், அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

கார்த்தி (9:23): சரி பெரியப்பா. எதிரில் பஞ்சர் கடை இருக்கிறது, உருட்டும் ஜாக்கி தருகிறார்.

பிரபு மச்சான் (9:24): புது டயர் வாங்கிவிடு மாப்பிள்ளை. 2025 செப்டம்பரில் டயருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிவிட்டதே.

வினோத் (9:31): அண்ணா, சேலத்தில் விசாரித்தேன். உங்கள் டயர் அளவு 225/40 ஆர் 18 என்றதுமே உதட்டைப் பிதுக்குகிறார்கள். பெங்களூரிலிருந்து வர வேண்டுமாம், திங்கள்கிழமைதான். ஒரு கடையில் மட்டும் ஒன்று இருக்கிறது. [படம்]

சித்தப்பா (9:32): பளபளவென்று இருக்கிறதே.

தேவி அக்கா (9:34): கார்த்தி, அதை வாங்காதே. டயரின் பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கத்தைப் பார். 2319. அப்படியென்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.

வினோத் (9:35): கடைக்காரர் புதுச் சரக்கு என்றார்.

பெரியப்பா (9:36): தேவி சொல்வது சரி. 2020 ஜூனில் வெளிநாட்டு டயருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதிலிருந்தே இந்த மாதிரி அளவுகள் சிறிய ஊர்க் கடைகளில் கிடைப்பது கடினம். இருப்பதில் பழையது கலந்திருக்கும்.

சரோஜா அத்தை (9:37): தேவி, அங்கே இன்னும் விடியவில்லையே, தூங்கவில்லையா?

தேவி அக்கா (9:38): குழந்தை எழுப்பிவிட்டாள் அத்தை. ஸ்டுட்கார்ட்டில் குளிர் பயங்கரம். இங்கே அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால டயர்தான். கார்த்தி போட்டிருப்பது போன்ற கோடை டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப்போய்ப் பிடிப்பை இழக்கும்.

சித்தப்பா (9:38): கொல்லிமலையில் பனி கொட்டவில்லை. சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

சுதா அக்கா (9:39): எனக்கு டயர் பாடம் வேண்டாம். வருகிறானா, இல்லையா?

அம்மா (9:41): அப்பத்தா பக்கத்தில்தான் இருக்கிறார். நாளைக்குக் கார்த்தி காரில் ஏறமாட்டேன் என்கிறார். போன தடவை சேந்தமங்கலம் போய் வந்ததற்கே ஒவ்வொரு கல்லும் இடுப்பில் தெரிந்ததாம். வேனில் போகிறாராம்.

பிரபு மச்சான் (9:42): வேனில் இடம் இல்லை அத்தை. எங்கள் பக்கத்து ஆட்களே நிறைந்துவிட்டார்கள்.

சரோஜா அத்தை (9:42): உங்கள் பக்கம் எப்போதும் நிறைந்துதான் இருக்கும்.

[சரோஜா அத்தை ஒரு செய்தியை நீக்கினார்]

பெரியப்பா (9:48): அம்மாவின் இடுப்பு சொல்வது உண்மை. கணக்குப் பாருங்கள். 225 மில்லிமீட்டர் அகலத்தில் 40 சதவீதம்தான் பக்கச் சுவர். 90 மில்லிமீட்டர். வினோத் கார் 165/80 ஆர் 14. அதன் பக்கச் சுவர் 132. குழியில் விழும்போது அந்த வித்தியாசம்தான் நசுங்கிக் கொடுக்கிறது. கார்த்தி காரில் நசுங்க இடமே இல்லை, அடி நேராக ரிம்முக்கும் இடுப்புக்கும் போகிறது. வேகத்துக்குச் செய்த டயரை நம் ஊர்ச் சாலையில் தினப்படி ஓட்டினால் இப்படித்தான். அந்தக் காரை வாங்கும்போதே சொன்னேன்.

சித்தப்பா (9:49): வீட்டுக் கடனுக்குக் கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னீர்கள்.

அப்பா (9:49): அது முடிந்த பேச்சு.

கார்த்தி (10:26): மாற்றிவிட்டேன். பெரியப்பா சொன்ன மாதிரியே ஒல்லி டயர் பின்னால். பெரியப்பா, ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். கடந்த ஐப்பசி மழையில் அம்மாவும் நானும் தொப்பூர் இறக்கத்தில் வந்தோம். வளைவு திரும்பியதும் பழுதான லாரி நடுச்சாலையில் நிற்கிறது, விளக்கு இல்லை. முழு பிரேக் அடித்தேன். காலடியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடித்தது, ஆனால் கார் ஒரு முழம்கூட விலகாமல் நேராக நின்றது. அன்றைக்கு நின்றது இந்த டயரால்தான். பட்டனில், அதாவது சாலையில் படும் மேல் ரப்பரில், இருக்கிற அந்த அகலமான நீள வாய்க்கால்கள் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன, ஈரத்தில் பிடிப்பதற்கென்றே ரப்பர் கலவை செய்திருக்கிறார்கள். சீக்கிரம் தேய்கிறது, உண்மைதான். பக்கத்தில் தேய்மான எண் 300க்குப் பக்கத்தில்தான் இருக்கும், சாதாரண டயரில் 400, 500 என்று பார்க்கலாம். காங்கிரீட் சாலையில் இரைச்சல். குழியைக் கண்டால் பயம். இவ்வளவும் தெரிந்துதான் போட்டிருக்கிறேன். வேகமாகப் போவதற்காக இல்லை, நிற்பதற்காக.

அம்மா (10:27): அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையில் அப்படியே நின்றது மாமா.

பெரியப்பா (10:33): கண்ணு, நிற்பதை நான் மறுக்கவில்லை. நல்ல ரப்பர் எது என்று எனக்குத் தெரியும். எம்.ஆர்.எஃப் 1952இல் டிரெட் ரப்பர் செய்யத் தொடங்கிய காலத்துக் கதைகளை என் முதலாளி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்கு முன்னால் அவர்கள் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்துகொண்டிருந்தார்கள், 1946இல்.

சித்தப்பா (10:33): பலூன் வாங்கச் சொல்லியிருந்தேனே, வாங்கியாகிவிட்டதா?

சுதா அக்கா (10:34): இன்னும் இல்லை.

பெரியப்பா (10:38): நான் சொல்வது வேறு. அதே நல்ல ரப்பர் 225/45 ஆர் 17 அளவிலும் வருகிறது. பக்கச் சுவர் 101 மில்லிமீட்டர். ரிம் ஒரு அங்குலம் சிறிதாகும், ஆனால் சக்கரத்தின் மொத்த உயரத்தில் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வேகமானி பொய் சொல்லாது. 205/55 ஆர் 16க்குப் போனால் 113 கிடைக்கும், ஆனால் உன் காரின் பெரிய பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் வட்டைக் கவ்வும் பாகம், 16 ரிம்முக்குள் நுழையுமா என்று மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டயரில் எழுதியிருக்கும் எடை எண்ணும் குறையக்கூடாது. உனக்கு 92 என்று இருந்தால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். 17இல் 91 என்று கொடுப்பார்கள், அது 615. ஐந்து பேரும் சீர்த் தட்டும் ஏறினால் அந்த 15 கிலோவும் கணக்குத்தான்.

கார்த்தி (10:40): 17 பற்றி நானும் யோசித்தேன். ரிம்மும் டயரும் சேர்த்து வாங்க வேண்டும், நான்கு.

சரோஜா அத்தை (10:41): எவ்வளவு ஆகும்?

கார்த்தி (10:44): பிறகு சொல்கிறேன் அத்தை.

தேவி அக்கா (10:45): இப்போதைக்குக் குறைந்தது இரண்டு டயர் வாங்கு. ஒரே அச்சில் ஒன்று புதியது, ஒன்று தேய்ந்தது என்று வேண்டாம். புதிய இரண்டையும் பின்னால் போடு.

பெரியப்பா (10:46): பின்னாலா? நல்ல டயர் எப்போதும் முன்னால்தான். ரீட்ரெட்டை முன் அச்சில் போட்ட லாரியை நான் பட்டறையிலிருந்து வெளியே விட்டதில்லை.

தேவி அக்கா (10:48): லாரிக்குச் சரி அப்பா, முன்சக்கரம் வெடித்தால் ஸ்டியரிங் போய்விடும். காருக்கு வேறு. மழையில் பின்சக்கரம் முதலில் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், யாராலும் பிடிக்க முடியாது. முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் பிடிக்கலாம். டயர் நிறுவனங்களே ஆழமான பட்டனைப் பின்னால் போடச் சொல்கின்றன.

பெரியப்பா (10:49): உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்.

தேவி அக்கா (10:49): ஆமாம் அப்பா. அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

சுதா அக்கா (10:50): ஸ்டெப்னியோடு நாளைக்கு மலை ஏறமுடியுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பெரியப்பா (10:52): கூடாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தைவிட இறக்கம் மோசம், முழு ஆட்களோடு ஒல்லி டயரை அந்த வளைவுகளில் உரசவிடக்கூடாது. கார்த்தி, தொப்பூரிலும் கியரைக் குறைத்து இறக்கு, பிரேக்கையே நம்பாதே. சேலத்தோடு அந்தக் கார் நிற்கட்டும்.

வினோத் (10:53): எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளட்டும். நான் என் காரில் அண்ணனை அழைத்துப்போகிறேன். அப்பத்தாவும் வரலாம், 132 மில்லிமீட்டர் இருக்கிறது.

சித்தப்பா (10:54): உன் காரில் நானும் உன் அம்மாவும் வாழை இலையும் போகிறோம் என்று பேசியாகிவிட்டது.

வினோத் (10:54): இலையை வேனில் போடலாமே அப்பா.

பிரபு மச்சான் (10:55): வேன் மேலே கேரியர் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

அம்மா (10:56): அப்பத்தா முன் இருக்கை என்றால்தான் வருவாராம்.

சித்தப்பா (10:57): அப்போது நான்?

பெரியப்பா (10:58): நீ என்னோடு வா. என் ஜீப்பில் இடம் இருக்கிறது.

சித்தப்பா (11:06): பார்க்கலாம்.

சரோஜா அத்தை (11:07): எல்லோரும் அவரவர் வண்டியைப் பார்த்துக்கொண்டீர்கள். நான் எதில் வருவது?

பிரபு மச்சான் (11:15): வேனில் கேரியர் இல்லையாம்.

கார்த்தி (11:52): தொப்பூர் இறங்கிவிட்டேன். 70இல் வருகிறேன், பின்னால் லேசாக ஆடுகிறது, பயமில்லை. வினோத், திங்கள்கிழமைக்கு இரண்டு டயர் சொல்லிவை. இல்லை, இரு. 17 ரிம் விலையையும் கேட்டுவிடு.

வினோத் (11:53): எதைச் சொல்ல அண்ணா?

பெரியப்பா (11:54): 17.

தேவி அக்கா (11:54): முதலில் காலிப்பரை அளந்து பாருங்கள்.

பெரியப்பா (11:56): மோதிய ரிம்மின் உள் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாயா? வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வளைந்திருக்கும். புது டயரை வளைந்த ரிம்மில் மாட்டினால் காற்று கசியும். அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்.

சுதா அக்கா (11:58): கார்த்தி, தோடு எங்கே?

கார்த்தி (12:20): டேஷ்போர்டு பெட்டியில் அக்கா.

சுதா அக்கா (12:20): காரைச் சேலத்தில் விடும்போது அதை எடுத்துக்கொள். வினோத், நீயும் ஞாபகப்படுத்து.

அப்பா (12:21): மதியம் எங்கே சாப்பிடுகிறாய்?

சரோஜா அத்தை (12:30): கிடா எப்போது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.