புயல் ஆடியோ, பொய் ஜிபிஎஸ், பிடிபட்ட படகு வீடியோ: ராமநாதபுரம் கரையில் சரிபார்க்கும் முறைகள் (நான்கு ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு)

பாம்பன், துறைமுகப் பக்கம்

ஐப்பசி பிறந்தால் போதும், மழைக்கு முன்னாடி குரூப்பில் புயல் வந்துவிடும். புயல் ஆடியோ வந்தால் முதலில் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைக் கவனியுங்க. 1, 2 என்றால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 மட்டும் தனி ரகம்: புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோச்சு, வானிலை மோசமாகலாம் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம். "11 ஏத்தியாச்சு, காத்து வேகம் இவ்வளவு, நாளைக்குக் காலையில கரையைக் கடக்குதுன்னு மையத்துல இருந்தே சொல்லிட்டாங்க" என்று யாராவது பேசினால், கூண்டு என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

சுனாமி நாளும் நேரமும் குறித்து வராது. நிலநடுக்கம் வந்த பிறகுதான் எச்சரிக்கை கொடுக்க முடியும். சுனாமி எச்சரிக்கை கொடுக்கும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் விடும் அறிவிப்பில் நிலநடுக்க நேரம், இடம், அளவு மூன்றும் இருக்கும். "நாளை மாலை 4 மணிக்கு" என்று வந்தாலே பொய்.

கடல் உள்வாங்கிய படம் கொஞ்சம் சிக்கலானது. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. காற்று திரும்பி நீர் சற்று இறங்கினாலே பாறையும் பாசியும் வெளியே தெரியும், வள்ளம் தரைதட்டும். அந்தப் படம் வெளியூருக்குப் போய், "சுனாமி அறிகுறி" ஆகித் திரும்பி வரும். ஆனால் நில அதிர்வை உணர்ந்தீர்கள், அல்லது கண்ணெதிரே சில நிமிடத்தில் கடல் மளமளவென்று பின்வாங்குகிறது என்றால் போனை நோண்டாமல் மேட்டுக்கு ஓடணும். அங்கே சரிபார்ப்பெல்லாம் பிறகுதான்.

மண்டபம், படகு எலக்ட்ரானிக்ஸ் வேலை

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கு. கீழே வந்து சேரும் சிக்னல் அவ்வளவு பலவீனம் என்பதால், 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் போதும், அமுக்கிவிடும். அதற்கு ஜாமிங் என்று பேர். திரையில் இடம் வராது, உடனே தெரிந்துவிடும். ஸ்பூஃபிங், அதாவது போலி சிக்னல் விடுவதுதான் வில்லங்கம். திரை நல்லா ஓடும், இடம் மட்டும் தப்பு. 2017 ஜூனில் நோவோரோசிஸ்க் அருகே கருங்கடலில் நின்ற சுமார் 20 கப்பல்களின் கருவிகள், கரைக்கு உள்ளே கெலன்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின.

நம்ம கடலில் இலங்கை எல்லைக்கோடு பக்கத்திலேயே கிடக்கு. அட்சரேகையில் 1 நிமிடம் பிசகினால் 1,852 மீட்டர், முழுசாக ஒரு கடல் மைல். அதனால் பார்க்க வேண்டியவை:

பிளாட்டரில் (படகு இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் திரை) சந்தேகம் வந்தால் செல்போன் மேப்பைத் திறப்பது வீண். இரண்டும் பெரும்பாலும் கேட்பது அதே செயற்கைக்கோள்களைத்தான். ஒரே சாட்சியை இரண்டு தடவை விசாரிப்பது மாதிரி. வேறு சாட்சி வேணும். எஞ்சின் அதே ஆர்பிஎம்மில் ஓடும்போது வேகம் 6 நாட்டில் (மணிக்கு 6 கடல் மைல்) இருந்து 14-க்குத் தாவினால் திரை பொய் சொல்கிறது. காம்பஸுக்கும் திரையில் காட்டும் போக்குக்கும் நீரோட்டத்தால் கொஞ்சம் வித்தியாசம் வரும், சகஜம். திடீரென்று பெரிய வித்தியாசம் வந்தால் நம்பாதீங்க. ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் காட்டும் ஆழத்தைச் சார்ட்டோடு (கடல் வரைபடம்) ஒப்பிடலாம். எக்கோ இல்லாத வள்ளத்தில் ஈயக்குண்டும் கயிறும் போட்டுப் பாகக் கணக்கில் ஆழம் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் இது நன்றாகக் கைகொடுக்கும். பாக் பக்கம் தரை கிட்டத்தட்ட சமதளம், ஆழத்தை மட்டும் வைத்து இடம் சொல்ல முடியாது.

இதையெல்லாம் பார்க்கும் முன் ஆன்டெனா கனெக்டரைக் கழற்றிப் பாருங்க. உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். துடைத்து, காய வைத்து, ரப்பர் டேப் சுற்றினால் முக்கால்வாசி "சைபர் தாக்குதல்" சரியாகிவிடும்.

கீழக்கரை

மண்டபம் காக்கா (அண்ணன்) சொன்னதோடு இதையும் சேர்த்துக்குங்க. "போர்க்கப்பல் நம்ம பக்கம் நிக்குது" என்று கப்பல் வரைபட ஸ்கிரீன்ஷாட் வரும். அந்த வரைபடத்துக்கு, கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் ஒலிபரப்பும் ஏஐஎஸ் சிக்னல்தான் மூலம். அனுப்புவது யார் என்று சோதிக்கும் பூட்டு அதில் கிடையாது. 2021 ஜூனில் பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் ரஷ்யா வசமுள்ள கிரிமியாவின் செவஸ்தபோலை நோக்கிப் போவதாக ஏஐஎஸ் காட்டியது. அதே நேரம் உக்ரைனின் ஒடெசா துறைமுக வெப்கேமராவில் இரண்டு கப்பலும் கட்டிப்போட்டபடி தெரிந்தன. போர் மூள்வதற்கு இந்த மாதிரி ஒரு கோடு போதும்.

படகு பிடிபட்ட வீடியோ வந்தால் வீட்டுக்காரங்களுக்கு அனுப்பும் முன் நிறுத்தி நிறுத்திப் பாருங்க. கேபினில் எழுதிய பதிவெண் தெரிகிற இடம், கரை தெரிகிற இடம், முதல் காட்சி என மூன்று படம் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வீடியோ பெரும்பாலும் சிக்கும். பதிவெண்ணைச் சங்கத்தில் கேட்டால் படகு துறையில் நிற்கிறதா என்று ஒரே போனில் தெரியும். கோப்புப் பெயரில் உள்ள தேதியை வைத்து ஏமாறாதீங்க. அது உங்கள் போனுக்கு வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. எடுத்த நேர விவரத்தை வாட்ஸ்அப் அழித்துவிடும். இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அது இல்லை என்பதால் புதுசு என்றும் சொல்ல முடியாது. இறக்கி மறுபடி ஏற்றினால் குறி போய்விடும்.

தொண்டி, இறால் ஏற்றுமதிக் கணக்கு

கம்ப்யூட்டர் பக்கம் ஒன்று. 2017 ஜூன் 27-இல் உக்ரைனைக் குறிவைத்து விட்ட, கோப்புகளைப் பூட்டி நாசமாக்கும் நாட்பெட்யா வைரஸ், மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கி, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு டெர்மினல் வரை வந்தது. யாரோ இருவர் சண்டை, இங்கே கன்டெய்னர் நின்றது. 4,000 சர்வர், 45,000 கணினிகளில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. கம்பெனியின் கணினி வலையைக் கட்டுப்படுத்தும் விவரங்களின் நல்ல பிரதி, கானாவில் கரண்ட் போய் அணைந்து கிடந்த ஒரே ஒரு சர்வரில்தான் மிஞ்சியது. லெட்ஜர், லைசென்ஸ், வாங்குபவர் பட்டியல் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி வையுங்க. செருகியே வைத்த டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்று ஏபிகே கோப்பு (போனில் ஆப் நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீங்க. தொட்டாச்சா? ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்ததா பாருங்க. வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்க, அடுத்து சைபர் மோசடிப் புகார் எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால்தான் மறிக்க முடியும். போனை ரீசெட் செய்வது கடைசி வேலை. அதற்கு முன் அந்த மெசேஜ், அனுப்பிய எண் இரண்டையும் வேறு போனால் படம் பிடித்து வைக்கணும், புகாருக்குக் கேட்பார்கள்.