தங்க வேட்டைக் காலத்தில் ஒரு பெண் ஓட்டல் தொடங்கியது எப்படி?

சாலைப்பயணி:
கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் குடிவந்திருக்கிறோம். வழியில் வாக்கவில் என்ற ஊர். 1850களில் அங்கே ஒரு பெண் ஓட்டல் நடத்தினாராம். கையில் காசில்லாமல் எப்படித் தொடங்கினார்? மகள் பள்ளியில் இதைப் பற்றிப் பேசப் போகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெஸ்_அக்கா:
தம்பி, அவர் லூசினா வில்சன். 1849இல் கணவர், இரண்டு சின்னப் பையன்களோடு மிசூரியிலிருந்து மாட்டு வண்டியில் வந்தவர். 1881இல் மகளிடம் சொல்லி எழுதவைத்த நினைவுகளில் எல்லாம் இருக்கிறது. நானும் மெஸ் நடத்துகிறவள் என்பதால் அதை வரிவரியாகப் படித்தேன்.

வாக்கவில்லுக்கு முன்னால் நெவாடா சிட்டியைச் சொல்ல வேண்டும். பேரைப் பார்த்து நெவாடா மாநிலம் என்று நினைக்காதீர்கள், அதுவும் கலிபோர்னியாதான். சாக்ரமெண்டோ வெள்ளத்தில் நொடித்துப்போய், வண்டிக்காரருக்கு 700 டாலர் கடன் வைத்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கணவர் கூரை வேயப் பொருள் தேடிப் போயிருந்த நேரத்தில், லூசினா பலகை வாங்கி, தானே கட்டைகளை நட்டு மேஜை போட்டார். பக்கத்துக் கடையில் சாமான் வாங்கிச் சமைத்தார். ராத்திரி கணவர் திரும்பியபோது 20 சுரங்கக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு டாலர். இனி தினமும் வருவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறே வாரத்தில் அந்தக் கடன் அடைந்தது.

மகளிடம் இதை அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள்: கூரைக்காக அவர் காத்திருக்கவில்லை. அப்புறம் கணவரைத் தன் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்கிறார். எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும்.

பழையகணக்கு:
அக்கா, அங்கே அப்போது பெண்களே அபூர்வம். வரும் வழியிலேயே ஒருவர், பெண் கையால் சுட்ட ரொட்டி வேண்டுமென்று லூசினாவிடம் 5 டாலர் நீட்டி, அவர் தயங்கியதும் 10 ஆக்கினாராம். அதிர்ஷ்டம்தானே பாதி?

மெஸ்_அக்கா:
முதல் சாப்பாட்டுக்கு அதிர்ஷ்டம் போதும். ஆனால் அவரிடம் 75 முதல் 200 பேர் வரை வாரம் 25 டாலர் கொடுத்துச் சாப்பிட்டார்கள். பந்தி நடத்திப் பார்த்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். பிறகு சமையலுக்கும் பரிமாறவும் ஆள் வைத்தார். சுரங்கக்காரர்கள் தங்கத்தூள் பைகளை அவரிடம் கொடுத்துவைப்பார்கள். ராத்திரி அவை அவருடைய அடுப்புக்குள் பால் சட்டிகளில் இருக்கும். அந்த நம்பிக்கையை அவர்தான் சம்பாதித்தார். மாதம் 10 சதவீத வட்டிக்குக் கடனும் கொடுத்தார். எனக்கு அது உறுத்துகிறது, ஆனாலும் மறைக்கக் கூடாது.

சாலைப்பயணி:
வாக்கவில்லுக்கு ஏன் வந்தார்?

மெஸ்_அக்கா:
1851 மார்ச்சில் நெவாடா சிட்டி எரிந்துபோனது. கணவர் பையில் இருந்த 500 டாலர்தான் மிச்சம். வாக்கவில் இருக்கும் வாக்கா பள்ளத்தாக்குக்கு வந்து, கணவர் வைக்கோலுக்குப் புல் அறுக்கப் போனார். சான்பிரான்சிஸ்கோவில் டன் 150 டாலர் விலை. லூசினா அடுப்பை மூட்டி, கரிக்கட்டையால் ஒரு பலகையில் 'வில்சன் ஓட்டல்' என்று எழுதி மாட்டினார். வண்டிப் பலகையே மேஜை, மரக்கட்டைகள் நாற்காலி. வந்தவர்கள் வைக்கோல் போர் நிழலில் படுத்துக்கொண்டார்கள். ஊர் வளர வளர அங்கேயே பல வருஷம் இருந்தார். 1872இல் கணவர் பிரிந்து போனார். லூசினா பிற்காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்து, 1902இல் காலமானார்.