1997 நிதி நெருக்கடியிலிருந்து மலேசியா மீண்டது டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டியதாலா, ஏற்றுமதியாலா?

செராஸ் மாணவி:
வணக்கம். கல்லூரியில் 1997 ஆசிய நிதி நெருக்கடி பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவைக் கேட்டால், அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் நம் வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார், கடன் கேட்டு ஐஎம்எஃப் (அனைத்துலக நாணய நிதியம்) பக்கம் போகவே இல்லை, அதனால்தான் நாடு பிழைத்தது என்கிறார். விரிவுரையாளரோ காப்பாற்றியது ஏற்றுமதி என்கிறார். 1998ல் 7.4 சதவீதம் சுருங்கிய பொருளாதாரம் அடுத்த வருடமே 6.1 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கர்:
அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள் அம்மா. அன்றைய நிலவரத்தைப் பார்த்தால்தான் அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று புரியும். 1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட் (baht) விலையைச் சந்தையின் போக்கில் மிதக்க விட்டது, அதற்கு முன் ஒரு டாலருக்கு 2.50 என்று இருந்த வெள்ளி 1998 ஜனவரியில் 4.88 வரை போய்விட்டது. வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் செலவு ஏறக்குறைய இரட்டிப்பானது, எத்தனையோ பேர் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார்கள்.

வெள்ளியைத் தாங்கிப் பிடிக்க வட்டியை ஏற்றினார்கள், அரசாங்கச் செலவைக் குறைத்தார்கள். ஐஎம்எஃப்பிடம் கடன் வாங்காமலேயே அது சொல்லும் மருந்தைத்தான் முதலில் நாமே குடித்தோம் என்பதைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நம் கம்பெனிகள் வெளிநாட்டில் வாங்கிய குறுகியகாலக் கடன் தாய்லாந்து அளவுக்கு இல்லை, ஆனால் உள்ளூர் வங்கிக் கடன் மிக அதிகம். அதனால் வட்டி ஏற ஏற இங்கே கம்பெனிகள் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தன. சிங்கப்பூரில் வெள்ளிக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கிடைத்த காலமும் உண்டு, பணம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

1998 செப்டம்பர் 1ல் பணம் நாட்டை விட்டுப் போவதற்குக் கட்டுப்பாடு, மறுநாள் 3.80. வெளியே இருந்த வெள்ளி ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும், பங்குச்சந்தையில் போட்ட வெளிநாட்டுப் பணம் 12 மாதம் நகரக்கூடாது. கதவை அடைத்த பிறகுதான் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவால் வெள்ளியைப் பற்றிய பயமில்லாமல் வட்டியைக் குறைக்க முடிந்தது. கூடவே அரசாங்கம் அமைத்த இரண்டு நிறுவனங்களில் தானாஹர்த்தா வங்கிகளின் வாராக்கடன்களை வாங்கிக்கொண்டது, தானாமோடால் வங்கிகளுக்கு மூலதனம் போட்டது. என்னைக் கேட்டால் 3.80ஐ விட இந்த இரண்டும்தான் முக்கியம். வங்கிகள் மறுபடி கடன் கொடுக்கத் தொடங்காவிட்டால் வெள்ளி எந்த விலையில் நின்றும் பயனில்லை.

பினாங்கு ஏற்றுமதி:
கணக்கர் ஐயா சொன்ன வங்கி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு புகழ் கொடுக்க என்னால் முடியாது. தென்கொரியா ஐஎம்எஃப்பிடம் போன நாடு, கதவையும் அடைக்கவில்லை, 1999ல் 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. நாம் கட்டுப்பாடு போட்ட நேரத்தில் கொரியாவிலும் தாய்லாந்திலும் வட்டி ஏற்கெனவே இறங்க ஆரம்பித்துவிட்டது. எல்லோரையும் சேர்த்துத் தூக்கிய பெரிய விஷயங்களில் ஒன்று அமெரிக்கா வாங்கிய சிப்பும் கம்ப்யூட்டரும். 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு பற்றிய பயம், இணையக் கம்பெனிகளின் ஆட்டம் எல்லாம் சேர்ந்த காலம் அது. அப்போது நம் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் மின், மின்னணுப் பொருள்தான், இண்டெல் 1972லிருந்து பினாங்கில் இருக்கிறது. அந்த அடித்தளம் முன்பே இருந்ததால் ஆர்டர் வந்ததும் ஆலைகள் உடனே ஓடின.

தங்கச்சி, ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். ஏற்றுமதி 1997ல் சுமார் 221 பில்லியன் வெள்ளி, 1998ல் 287 பில்லியன். பார்த்தால் பெரிய ஏற்றம் போல இருக்கும். டாலரில் போட்டுப் பாருங்கள், 79 பில்லியனிலிருந்து 73 பில்லியனாகக் குறைந்திருக்கும். 1998ல் வந்த அந்தப் பெரிய வணிக உபரி நாம் நிறைய விற்றதால் வந்ததில்லை, இறக்குமதி படுத்ததால் வந்தது. கட்டுமானம் நின்றது, இயந்திரம் வாங்குவது நின்றது, கார் விற்பனை விழுந்தது. அப்புறம், வெள்ளி விலை குறைந்தால் ஏற்றுமதிக்கு லாபம் என்பதும் பாதிதான் சரி, ஏனென்றால் சிப் ஆலைக்கு வரும் பாகங்களும் டாலரில்தான் வருகின்றன. உண்மையான ஏற்றுமதி மீட்சி 1999, 2000ல் வந்தது. 2000ல் 373 பில்லியன் வெள்ளி. அமெரிக்காவில் அந்த ஆட்டம் அடங்கியதும் 2001ல் நம் வளர்ச்சி 0.5 சதவீதத்துக்கு இறங்கியது, எதை நம்பி எழுந்தோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்தான்:
பாமாயில் தரும் செம்பனையை யாரும் பேசவில்லையே. பாகம் இறக்குமதி செய்யும் தொல்லை இல்லாத சரக்கு இது, செலவு பெரும்பாலும் வெள்ளியில், விலை டாலரில். இந்தோனேசியா 1998ல் தன் பாமாயில் ஏற்றுமதிக்குக் கடுமையான வரி போட்டதும் உலகச் சந்தையில் நமக்கு இன்னும் நல்ல விலை. தோட்ட முதலாளிகளுக்கு அது பொற்காலம். காட்டில் குலை வெட்டிய நம் ஆட்களுக்கு அப்போதும் நாள் சம்பளம்தான், கடையில் அரிசி, பால்மாவு விலை மட்டும் ஏறியது. மீட்சி என்று எழுதும்போது யாருக்கு மீட்சி என்பதையும் எழுதுங்கள், மனசு கேட்கவில்லை.

செராஸ் மாணவி:
எல்லோருக்கும் நன்றி. டாலர் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. அப்படியானால் 3.80ஆல் எந்தப் பயனும் இல்லை என்று எழுதலாமா?

பழைய கணக்கர்:
வேண்டாம். ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவனுக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன விலை என்று தெரிந்தால்தான் ஆர்டர் எடுக்க முடியும். அந்த நிம்மதியை 3.80 கொடுத்தது. ஆனால் 2005 ஜூலை 21 வரை அதை வைத்திருந்தது ரொம்ப நீளம் என்பது என் கருத்து. விலை மலிவாக இருக்கும் வரை மலிவான சரக்கையே விற்றுக் காலம் தள்ளலாம் என்ற பழக்கம் வந்துவிட்டது. நெருக்கடிக்கு முன் நாட்டு வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் முதலீடாகப் போனது, பிறகு அது 25 சதவீதத்தை ஒட்டியே நின்றது. முன்பு போட்டதில் வீண் கட்டடங்களும் உண்டுதான், ஆனாலும் தனியார் முதலீடு ஏன் பழையபடி திரும்பவில்லை என்பதை ஒரு தனிப் பகுதியாக எழுதுங்கள். அப்பாவுக்கும் விரிவுரையாளருக்கும் இடையில் தீர்ப்புச் சொல்வதை விட அதுதான் உங்கள் கட்டுரைக்கு வலு சேர்க்கும்.