முதியோருக்குத் திட்டமிடத் தூரநோக்கு வேண்டுமா, காசு வேண்டுமா?

தொடர்மாடி: ஓய்வு வயதையே எடுங்கள். இலங்கையில் அரச ஊழியருக்கு 65 என்று 2021 இறுதியில் வந்த பட்ஜெட் சொன்னது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்ததும் மறுபடி 60. தனியார் துறைக்கு 2021 சட்டம் படிப்படியாக 60 ஆக்கியது. ஆனால் ஓய்வுக்கென்று சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதிக் காசை ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுத்துவிடலாம். ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்க்காத முடிவுகள். 2045 எப்படியெல்லாம் அமையலாம் என்று நாலைந்து காட்சிகளை வரைந்து, ஒவ்வொரு முடிவையும் அவற்றில் வைத்துப் பார்க்க நிரந்தரக் குழு ஒன்று வேண்டும். பின்லாந்து நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு எதிர்காலக் குழு 1993 முதல் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை: தம்பி, இது கோட் போட்ட சாத்திரம். 2040இல் அறுபது வயதாகப் போகிறவர்கள் எல்லோரும் இன்றைக்கே நாற்பதைத் தாண்டிவிட்டார்கள், எண்ணிப் பார்த்தால் போதும். 2012 கணக்கெடுப்பிலேயே அறுபதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம். தெரியாமலா சும்மா இருந்தோம்? ஜப்பான் 1997இல் முதியோர் பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் போட்டு, 2000 முதல் நாற்பது வயதானவரிடமே கட்டணம் வாங்குகிறது. அங்கே வேலை செய்தது காசு.

தொடர்மாடி: தலைகளை எண்ணலாம், சரி. அந்தத் தலைகளின் சேமிப்பு என்ன பெறும் என்று எண்ண முடியுமா? 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதி வைத்திருந்த அரச கடன் முறிகளையும் மாற்றினார்கள். முப்பது வருடம் சம்பளத்தில் 8 வீதம் கட்டியவர் இதையெல்லாம் எந்த அட்டவணையில் பார்த்திருப்பார்? எண்ணெய் விலை ஏறினால் என்ன செய்வது என்று ஷெல் எண்ணெய் நிறுவனம், விலை எகிறிய 1973க்கு முன்பே யோசித்து வைத்திருந்தது. தேதி தெரிந்து அல்ல.

தெஹிவளை அக்கா: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அம்மாவுக்கு 82. நாங்கள் நாலாம் மாடி, லிப்ட் இல்லை. மாதக் கிளினிக்குக்கு அவவை பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, பக்கத்து வீட்டுப் பெடியன்கள் இருவர் தூக்கி இறக்குவார்கள். 2022இல் ஒருவன் கட்டார், மற்றவன் துபாய். அந்த வருடம் மூன்று லட்சம் பேர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்களே, அதில் இரண்டு எங்கள் கதிரையின் கால்கள். இப்போது த்ரீவீல்காரர் தூக்குகிறார், மாடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கனடாவிலிருந்து தம்பி காசு அனுப்புகிறான், குறை சொல்ல மாட்டேன். காசுக்குத் தூக்கத் தெரியாது.

கணக்குப்பிள்ளை: அக்கா, லிப்ட் பூட்டக் காட்சி வரையத் தேவையில்லையே.

தொடர்மாடி: இருக்கிற கட்டடத்துக்குத் தேவையில்லை. இன்று கொழும்பு வெள்ளவத்தையில் எழும்பும் மாடிகள் 2060இலும் நிற்கும். தூக்க ஆளில்லாத நகரம் என்ற காட்சியை வைத்துப் பார்த்தால், அனுமதி கொடுக்கும் மேசையிலேயே கேள்வி மாறும். படி அகலம், ஸ்ட்ரெச்சர் நுழையும் லிப்ட், மின்வெட்டில் என்ன செய்வது என்று. 2022இல் லிப்ட் இருந்த வீட்டிலும் கிழவர்கள் மேலேயே அடைபட்டுத்தான் கிடந்தார்கள். ஜப்பான் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, காசு பிரிக்காமல் ஒன்றும் நடக்காது. ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. யாரிடம் பிரிப்பது?

கணக்குப்பிள்ளை: அது நல்ல கேள்வி, அதற்கு என்னிடமும் பதில் இல்லை. சரி, குழுவை அமையுங்கள். திறைசேரிக்காரர் முதல் கூட்டத்துக்கே வர வேண்டும், வராவிட்டால் மிஞ்சுவது தேத்தண்ணிச் செலவுதான்.

தெஹிவளை அக்கா: கூட்டம் எத்தனையாம் மாடியில்?