சோப்புத் தண்ணீரில் குமிழி ஏன் மெதுவாக ஏறுகிறது? சோப்பே போடாமலும் பாதி வழியில் வேகம் குறைகிறதே!

கேட்டவர்: இயற்பியல்_மாணவி
எம்எஸ்சி ப்ராஜெக்டுக்காக, ஒரு மீட்டர் உயரம், 5 செ.மீ. அகலமுள்ள கண்ணாடிக் குழாயில் காய்ச்சி வடித்த நீர் நிரப்பி, அடியில் இன்சுலின் ஊசி வழியாகக் காற்றுக் குமிழி விடுகிறேன். குமிழியின் விட்டம் சுமார் 1.8 மி.மீ. மொபைலில் நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கிறேன்.

கீழே 20 செ.மீ. தூரத்தை 145 ஃப்ரேமில் கடக்கிறது. அதாவது நொடிக்கு 33 செ.மீ. மேலே அதே 20 செ.மீ.க்கு 280 ஃப்ரேம் ஆகிறது. ஒரே குமிழி, ஒரே தண்ணீர்! பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் அடியிலிருந்தே மெதுவாகத்தான் போகிறது. பரப்பு இழுவிசை குறைந்தால் சுலபமாக ஏற வேண்டாமா? திரவத்தில் நகரும் சிறு உருண்டையின் வேகத்தைக் கணக்கிடும் ஸ்டோக்ஸ் சூத்திரமோ நொடிக்கு 176 செ.மீ. என்கிறது. இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

பதில்: குமிழி_வாத்தியார்
முதலில் ஸ்டோக்ஸை விடும்மா. உங்கள் குமிழியின் ரெனால்ட்ஸ் எண் (நீரின் பிசுப்போடு ஒப்பிட்டால் ஓட்டத்தின் வேகம் எவ்வளவு மேலோங்குகிறது என்பதன் அளவு) 600 பக்கம் வருகிறது, அந்தச் சூத்திரம் 1-க்குக் கீழேதான் செல்லும்.

உங்கள் அளவீட்டில் தவறில்லை. சுத்தமான நீரில் குமிழியின் தோலும் தண்ணீரோடு சேர்ந்து நழுவும், அதனால் நீரின் எதிர்ப்பு குறைவு. சோப்பு மூலக்கூறுகள் அந்தத் தோலில் ஒட்டிக்கொள்ளும். எதிரே வரும் நீர் அவற்றை வாரிக் குமிழியின் வால் பக்கம் குவிக்கும். வாலில் பரப்பு இழுவிசை குறைவு, தலையில் அதிகம். அந்த வித்தியாசம் தோலைத் தலைப் பக்கம் இழுத்து நழுவவிடாமல் பிடித்துவிடும். குமிழி ஒரு கோலிகுண்டு மாதிரி ஆகிவிடுகிறது. கற்பூரத் துண்டு தண்ணீரில் ஓடுமே, அதே மரங்கோனி விளைவுதான், அதாவது பரப்பு இழுவிசை அதிகமுள்ள பக்கம் பரப்பு இழுக்கப்படுவது. ஆக, இழுவிசை எவ்வளவு குறைந்தது என்பதைவிட, தலைக்கும் வாலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். 1947-இல் சோவியத் விஞ்ஞானிகள் ஃப்ரூம்கினும் லெவிச்சும் இதை விளக்கினார்கள்.

பாதி வழியில் வேகம் குறைவதும் இதனால்தான். ஏற ஏற அழுக்கைச் சேகரித்துக்கொண்டே போகிறது. உங்கள் நீர் சுத்தமில்லை. குழாயை எதைக் கொண்டு கழுவினீர்கள்?

இயற்பியல்_மாணவி: அதே பாத்திரத் திரவம்தான் சார்... மூன்று முறை அலசினேன்.

பதில்: குமிழி_வாத்தியார்
போதாது. வெந்நீரில் பலமுறை, அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். உட்பக்கம் விரல் படக்கூடாது. பிளாஸ்டிக் சிரிஞ்சின் உள்ளே சிலிக்கோன் எண்ணெய் தடவியிருப்பார்கள், கண்ணாடிச் சிரிஞ்சுக்கு மாறுங்கள். உங்கள் கண்ணாடிக் குழாயில் உள்ள நீரில் கொஞ்சம் தனியே கிண்ணத்தில் எடுத்து, கற்பூரத் துணுக்கு போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் மேலே எண்ணெய்ப் படலம் நிச்சயம். 1890-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி எண்ணெய்ப் படலத்தை இப்படித்தான் அளந்தார், வெறும் 1.6 நானோமீட்டர் படலமே கற்பூரத்தை நிறுத்திவிட்டது. ஓடினாலும் நம்பிவிட வேண்டாம், குமிழி அதைவிடக் கூர்மையான சோதனை.

பதில்: எஸ்டிபி_ஆபரேட்டர்
நான் கழிவுநீர் சுத்திகரிப்பில் இருக்கிறேன். சோப்பு அதிகம் கலந்து வரும் நாளில் ஏரேஷன் தொட்டியில் (கழிவுநீருக்குள் காற்றுக் குமிழி விடும் தொட்டி) காற்றடிக்கும் அதே ப்ளோயர் ஓடியும் ஆக்சிஜன் கரைவது குறையும். தங்கச்சி, ஒன்று கவனியுங்கள்: இழுவிசை குறைந்தால் ஊசியிலிருந்து குமிழி சிறியதாகவே கழன்றுவிடும். சோப்பு நீரில் விட்டத்தை அளந்தீர்களா? வேகம் குறைந்ததில் ஒரு பங்கு அதனாலும் இருக்கும்.

அப்புறம், அரை மணி நேரம் குமிழிகளை விட்டு, மேலே நீர் வழிந்து போகும்படி செய்யுங்கள். குமிழிகளே அழுக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இயற்பியல்_மாணவி (மூன்று நாள் கழித்து)
கண்ணாடிச் சிரிஞ்சு, வெந்நீர், வழியவிட்டது எல்லாம் செய்தேன். மேல் 20 செ.மீ.க்கு இப்போது 155 ஃப்ரேம்! சோப்பு நீரில் விட்டம் 1.4 மி.மீ.தான் இருந்தது, அண்ணா சொன்னதே சரி. ஊசியை மாற்றி, இரண்டு நீரிலும் ஒரே அளவுக் குமிழி வரவைத்து மறுபடி எடுக்கிறேன். கற்பூரமும் ஓடியது சார், கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி. விரல் நுனியை நீரில் வைத்தேன், அப்படியே நின்றுவிட்டது.