பெயரை வெட்டிவிட்டுப் போட்ட நாரைப் படம்: எப்படி நீக்க வைப்பது, இனி எப்படிப் பகிர்வது?

கேள்வி: கரிக்கிலிக் கரை

வணக்கம். வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் எடுக்கும் பறவைப் படங்களை முகநூல் குழுக்களில் போடுகிறேன். கீழே வலது மூலையில் சின்னதாகப் பெயர் இருக்கும். கேட்பவர்களுக்குக் கூகுள் டிரைவ் லிங்க்கும் கொடுப்பேன். நத்தைகுத்தி நாரை சிறகு விரித்து இறங்கும் படத்தை ஒரு முகநூல் பக்கத்தில் என் பெயரை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு கடையின் மாதக் காலண்டரிலும் அதே படம் முழுத் தாளுக்கு வந்திருக்கிறது. படத்தை எங்கும் பதிவு செய்யவில்லை. அதனால் எனக்கு உரிமை இல்லாமல் போய்விடுமா? அவர்கள் போட்டதை நீக்க வைக்க என்ன வழி? இனிமேல் எந்த அளவில் போடுவது?

பதில்: ஒளிவாசல்

முகநூல் எவ்வளவு பெரிய படத்தையும் நீளப் பக்கம் 2048 பிக்ஸலுக்குள் சுருக்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் அது 7 அங்குலம்கூட வராது. ஆகவே முழுத் தாள் காலண்டருக்குப் படம் போனது பெரும்பாலும் உங்கள் டிரைவ் லிங்க் வழியாகத்தான். காலண்டரைக் கையில் வைத்து நாரையின் இறக்கை நுனியைப் பாருங்கள். இறகு இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் மூலக் கோப்பு அவர்களிடம் இருக்கிறது. மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தால் சின்னப் படத்தை மென்பொருளில் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

இன்றைக்கே டிரைவில் "லிங்க் உள்ள எவரும்" என்பதை மாற்றி, குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினாலும் மூலக் கோப்பு அப்படியே போய்விடும், அதையும் நிறுத்துங்கள்.

இணையத்துக்கு நீளப் பக்கம் 1200 பிக்ஸல், ஜேபெக் தரம் 75 முதல் 80, எஸ்ஆர்ஜிபி நிறவெளி (திரைகளுக்கான பொதுவான நிற அமைப்பு). திரையில் நன்றாக இருக்கும், அச்சில் 4 அங்குலத்தைத் தாண்டாது. ஷார்ப்பனிங்கை (விளிம்பைக் கூர்மையாக்குவதை) அளவைக் குறைத்த பிறகு கொடுங்கள். முன்னாலேயே கொடுத்துவிட்டுச் சுருக்கினால் இறகு விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறவெளியில் ஏற்றினால் பல இடங்களில் நிறம் செத்துப்போய்த் தெரியும்.

பதில்: தாழ்கோணம்

மூலையில் போடும் பெயர் கையெழுத்துதான், காவல் இல்லை. ஒரு க்ராப்பில் போய்விடும். வெறும் வானத்தின் மேல் போட்டாலும் ஏஐ அழிப்பான் நொடியில் நிரப்பிவிடும். இறக்கையும் பின்னால் உள்ள நாணலும் சேரும் இடத்தில், 20 சதவீத அடர்த்தியில் மங்கலாக, கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடுங்கள். அங்கே அழித்தால் இறகு வரிசை உடைந்து அசிங்கமாகத் தெரியும்.

அதைவிட முக்கியம் கோப்புக்குள் இருக்கும் விவரம். கேமரா மெனுவிலேயே பதிப்புரிமைத் தகவல் என்ற இடம் இருக்கும். பெயரை ஒருமுறை அடித்துவிட்டால் எடுக்கும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பதியும். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில், படத்தின் உள்விவரத்துக்கான ஐபிடிசி பகுதியில் படைப்பாளர், பதிப்புரிமை அறிவிப்பு, உரிமைப் பக்கத்தின் இணைய முகவரி மூன்றையும் நிரப்புங்கள். ஏற்றுமதி செய்யும்போது மெட்டாடேட்டாவில் (உள்விவரத்தில்) "காப்பிரைட் ஒன்லி" தேர்ந்தால் பதிப்புரிமை அறிவிப்பில் உள்ள பெயர் தங்கும், எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் போய்விடும். கூடு கட்டும் பறவை என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கூடு இருக்கும் இடத்தை ஊருக்கே காட்டிக்கொடுப்பது படத் திருட்டைவிடப் பெரிய கேடு. இதில் ஒரு குறை உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆகவே உள்விவரத்தை மட்டும் நம்ப முடியாது.

பதில்: வழக்குப்படி

கரிக்கிலி நண்பரே, பதிவு செய்யாததால் உரிமை போகாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படம் கலைப்படைப்பு. எடுத்த கணத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அது உங்கள் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 60 ஆண்டும் நிற்கும். பெயரை வெட்டியது 57-வது பிரிவில் தனி உரிமை மீறலாகவே வரும். யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் மட்டும் வேறு கணக்கு. அதில் மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் 17-வது பிரிவுப்படி காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர்.

பதிவு வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் ஒரு கலைப்படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்தபின் 30 நாள் ஆட்சேபத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பதிவேடு முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும், அவ்வளவே. எல்லாப் படத்துக்கும் செய்ய வேண்டாம், விற்கும் தகுதியுள்ள நாலைந்துக்குப் போதும்.

இப்போது வரிசை முக்கியம். அந்தப் பக்கத்தில் போய்ச் சண்டை போடாதீர்கள். கமென்ட் போட்ட மறுநிமிடம் பதிவை அழித்துவிடுவார்கள், உங்களிடம் சான்று இருக்காது. முதலில் முகவரி, தேதி தெரியும்படி முழுத்திரைப் படம் எடுங்கள். பொதுவில் தெரியும் பதிவு என்றால் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு பிரதி சேமித்துப் பாருங்கள், எல்லாப் பக்கமும் அதில் ஏறாது. காலண்டரில் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விலைக்கு விற்றால் பில்லோடு. அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு முகநூலின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம். பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் நடக்காது, அந்தக் குறிப்பிட்ட பதிவின் முகவரியும் உங்கள் மூலப் பதிவின் முகவரியும் வேண்டும். நீங்கள் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகக்கூடும் என்பதால் இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் போட்டவர் அமெரிக்கச் சட்டப்படி எதிர்மனு போட்டு, நீங்கள் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலைநாளில் பதிவு திரும்பி வரலாம்.

காலண்டருக்கு வக்கீல் நோட்டீஸ்தான். எத்தனை பிரதி அடித்தார்கள் என்ற கணக்கும் உரிமத் தொகையும் கேளுங்கள். வழக்கு வரை போனாலும் 62-வது பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

கேள்வி: கரிக்கிலிக் கரை

நன்றி அண்ணா. டிரைவை மூடிவிட்டேன். காலண்டரில் இறகு இழையாகத்தான் தெரிகிறது. இன்னொரு சந்தேகம்: விக்கிப்பீடியாவுக்கான பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் படங்களை ஏற்றலாமா? அங்கே சின்ன அளவில் மட்டும் கொடுத்தால் பாதுகாப்புதானே?

பதில்: தாழ்கோணம்

தாராளமாக ஏற்றுங்கள், தமிழ் விக்கிப்பீடியாவுக்கு நல்ல பறவைப் படங்கள் தேவை. ஆனால் தெரிந்து ஏற்றுங்கள். அங்கே வணிகத்தைத் தடுக்கும் உரிமத்தை ஏற்க மாட்டார்கள். சிசி பை-எஸ்ஏ 4.0 என்ற பொது உரிமத்தைக் கொடுத்தால் நாளைக்கு எந்தக் கடைக்காரரும் உங்கள் பெயரையும் உரிமத்தையும் போட்டுக் காலண்டர் அடிக்கலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. சின்ன அளவுக்குத்தான் உரிமம் கொடுத்தேன், பெரியதற்கு இல்லை என்று பிறகு வாதாடுவதும் கடினம், இரண்டும் ஒரே படைப்பு என்று சொல்லிவிடலாம். விற்க நினைக்கும் படம் வேறு, கொடுக்க நினைக்கும் படம் வேறு என்று இப்போதே இரண்டு ஃபோல்டராகப் பிரித்துவிடுங்கள்.

பதில்: வழக்குப்படி

இழையாகத் தெரிகிறது என்றால் மூலக் கோப்பு அவர்களிடம் இருக்கிறது. ஆகவே உங்கள் ரா ஃபைல்தான் (கேமரா பதிந்த திருத்தாத கோப்பு) இப்போது பெரிய சான்று. எடுத்தவரிடம் மட்டும்தான் அந்த நாரை இறங்குவதற்கு முந்தின ஃப்ரேமும் கால் ஊன்றிய பிந்தின ஃப்ரேமும் இருக்கும். அந்த வரிசை முழுவதையும் திருத்தாமல் இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணை (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை) குறித்து வையுங்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவில் கொடுக்க வேண்டிய சான்றிதழில் ஹாஷ் எண்ணுக்கு இடம் இருக்கிறது. மெமரி கார்டை இதற்கு முன் ஃபார்மேட் செய்யாமல் இருந்தால் அதையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, புதுக் கார்டு போட்டுக்கொள்ளுங்கள்.